இத்தாலிக்காகத் தூக்கிய கைகள்

இத்தாலியின் சார்பில் யார் பாடுவது என்பதைப் பலேர்மோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நாங்கள்தான் முடிவுசெய்தோம். மண்டபத்துக்கு வெளியே இது இத்தாலிக்காரர் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில் இருந்த தமிழர்கள் சிலர் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். ஐரோப்பாவில் தமிழர் இருக்கும் நாடுகள் எல்லாம் நாட்டுக்கொரு பாட்டு அனுப்ப வேண்டும். தெரிவாகும் குழுவுக்கு விசா எடுக்க அழைப்பும் தங்க இடமும் தருவார்களாம். இத்தாலியில் எங்கள் ஆட்கள் கூடுதலாக இருந்தது பலேர்மோவில் என்பதால் இத்தாலி என்றால் நாங்கள் என்று ஆகிப்போனது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. ஆகவே இத்தாலியும் வியாழன் பின்னேரம்தான் கூடியது.

எனக்குப் பாட்டு பெரிதில்லை, ஜேர்மனிதான் பெரிது. அண்ணன் அங்கே இருந்தார். அம்மாவையும் கூப்பிட்டுத் தன்னோடு வைத்திருந்தார். நான் ஊரை விட்டு வந்த பிறகு அம்மாவைக் கண்டதே இல்லை. ஒருமுறை விசா கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. "வாறதெண்டால் கெதியா வா. ஆக்களை மறக்கத் தொடங்கீட்டா" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்ன நாளில் இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வேலை செய்த வீட்டுச் சின்யோராவின் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் சுட்டுவிட்டு ஏச்சு வாங்கினேன்.

நான் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பின்பாட்டு. எங்கள் குழுத்தலைவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். அந்தக் கடலையும் ஊர்க் கடலையும் சேர்த்து அவரே ஒரு பாட்டுக் கட்டினார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அது தெரிவானால் குழுவோடு நானும் போவேன். அதற்காகவே தொண்டை வரள வரளப் பழகினேன்.

இதற்குள் மொரீசியஸ் தமிழர்களும் வருவதாகக் கதை வந்தது. அவர்களில் ஒருத்தி நான் வேலை செய்த கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டவள். படியில் கண்டால் நாங்கள் இருவரும் இத்தாலியனில்தான் கதைப்போம். அவளுக்குத் தமிழில் பாட்டு மட்டும் வரும், பேச்சு வராது. பாட்டுக்கும் பாதி இடத்தில் பொருள் தெரியாது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். தமிழ் தெரியாத ஆட்களுக்குத் தமிழ்ப் பாட்டுப் போட்டியில் என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு குழப்பமும். அவர்களும் தமிழர்தானே, அவர்களும் இத்தாலியில்தானே இருக்கிறார்கள், பிறகு யார்தான் இத்தாலி?

ஒவ்வொரு பாட்டும் முடிந்த கையோடு, அதற்கு விருப்பமானவர்கள் கை தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. எண்ணுவதற்கு எங்களில் யாரையும் நம்ப முடியாது. ஆளுக்கு ஆள் சொந்தம், அல்லது கோபம். அதனால் பங்கின் இளம் சுவாமியாரைக் கூப்பிட்டு மேடையில் இருத்தினோம். அவர் இத்தாலியர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஒருவருக்கும் மச்சானும் இல்லை.

எங்கள் பாட்டுக்கு நிறையக் கைகள் எழுந்தன. எங்கள் ஆட்களிலேயே ஊரில் வேறு தீவைச் சேர்ந்த சிலர் மட்டும் குழுத்தலைவர் தங்கள் பக்கத்தவர் இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆனாலும் எழுந்த கைகள் வெல்லக் காணும் என்று நினைத்தேன். மனதுக்குள் பெட்டியும் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசியாக அவள் பாடினாள். முருகன் பாட்டு. அவளுடைய மனிசன் மேளம் தட்டினார். சொற்கள் அங்குமிங்கும் கோணிக்கொண்டுதான் வந்தன. ஆனால் குரல் கோணவில்லை. என் எரிச்சல் எந்த இடத்தில் போனது என்று தெரியாது. மேளம் ஏறி ஏறி வந்து நின்றதும் அவள் "வேல் வேல்" என்றாள். அவளுடைய ஆட்கள் "அரோகரா" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள்.

என் கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

நான் வேதக்காரி, ஞானஸ்நானம் பெற்றவள். ஆனால் ஊரில் எங்கள் ஒழுங்கையால்தான் முருகன் கோயில் தேர் போகும். அரோகரா என்ற சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் எந்தச் சமயத்தவருக்கும் கை தானாக மேலே போய்விடும். திரும்பிப் பார்த்தால் மண்டபம் முழுக்கக் கைகள். மன்னார் அக்கா ஒருவர் செபமாலையோடு தூக்கியிருந்தார். முதலில் கை கட்டிக்கொண்டிருந்தவர்களும் தூக்கியிருந்தார்கள். எங்கள் குழுத்தலைவரும்தான்.

சுவாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு ஒற்றுமையை அவர் எங்களிடம் கண்டதில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாருமே என்று இத்தாலியனில் அறிவித்துவிட்டார்.

கைகள் மெல்ல மெல்ல இறங்கின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழுத்தலைவர் என்னிடம் ஓடிவந்தார்.

"உமக்குத்தானே வடிவா இத்தாலியன் வரும். போய்ச் சொல்லும், அது வாக்கு இல்லையெண்டு."

மேடைக்குப் போனேன். அது வாக்கு இல்லை என்றால் பிறகு என்ன என்று சுவாமியார் கேட்பார். முருகனுக்குத் தூக்கின கை என்று அவருடைய மண்டபத்தில், மாதா படத்துக்குக் கீழே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? அவர் குனிந்து, என்ன விசயம் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். எனக்குப் பின்னால் அவள் நின்றாள். நடந்தது விளங்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்றுமில்லை, நல்ல பாட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான் இருந்த ஒரேத்தோப் பக்கம் போகும் பேருந்தில் என் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். வாக்குப் போட்டேனா, கும்பிட்டேனா? பயத்தில் வாய் மூடினேனா, பாட்டில் மயங்கினேனா? அம்மாவைப் பார்க்கும் வழியை நானே அடைத்தேன் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. வீட்டில் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஜேர்மனிக்குப் போவதற்கு முன் அவள் என்னிடம் ஒரு சேலை கேட்டாள். அவளிடம் இருந்தது காவடிக்கு உடுக்கும் சேலை மட்டும்தானாம். நான் ஊரில் இருந்து வெளிக்கிட்டு வரும்போது அம்மா வாங்கித்தந்த பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். வேறும் சேலைகள் இருந்தன. ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது. அண்ணனின் தொலைபேசி இலக்கத்தையும் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையையும் கொடுத்து, நேரம் கிடைத்தால் பார்த்துவிட்டு வா என்றேன்.

போட்டிக்கு அடுத்த ஞாயிறு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இத்தாலிக்கு எத்தனையாம் இடம் என்று கேட்க மறந்துவிட்டேன். அவள் போட்டி முடிந்து, உடுத்த சேலையோடு நேரே வீட்டுக்கு வந்தாள் என்று அண்ணன் சொன்னார். அம்மாவோடு கதைக்கத் தமிழ் இல்லாததால் கட்டில் ஓரத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு பாடினாளாம். அம்மா கடைசிவரை அந்தச் சேலைத் தலைப்பைத் தடவிக்கொண்டே இருந்தாராம். அம்மா என்ன சொன்னாலும் மறுத்துச் சொல்லாதே என்று எச்சரித்துவிட்டுத்தான் தொலைபேசியை அவரிடம் கொடுத்தார்.

"பத்திரமாப் போய்ச் சேந்திட்டியே பிள்ளை?"

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஓம் அம்மா."

"வடிவாப் பாடினாய். ஏன் என்னோடை ஒண்டும் கதைக்கேல்லை?"

அது நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.

"தொண்டை கட்டிப் போச்சு அம்மா."

"பரவாயில்லை. வந்திட்டாய்தானே, அது காணும்" என்றார் அம்மா.