முதலையின் மூடிய வாய்

என் மனைவி நாற்பது ஆண்டுகள் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தவர். அவர் மறைந்து மூன்று மாதங்களின் பின், அவர் படம் வரைந்த 'குரங்கும் முதலையும்' கதையின் புதிய பதிப்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தது. பழைய பதிப்பில் பற்களெல்லாம் தெரிய வாயைப் பிளந்து நின்ற முதலை, இதில் பக்கத்துக்குப் பக்கம் வாயை மூடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று யாரோ ஒரு மேதாவி பற்களை அழித்துவிட்டார் என நானே முடிவுகட்டிக்கொண்டு, காலி வீதியில் பஸ் ஏறிப் பம்பலப்பிட்டியிலிருந்த பதிப்பகத்துக்குப் போனேன்.

"குரங்கின்ர ஈரலைத் தின்ன வந்த முதலைக்குப் பல்லு எங்க, பிள்ளை? ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?" என்று பதிப்பாசிரியையிடம் சீறினேன்.

"நாங்க கை வைக்கேல்ல, ஐயா. அம்மாதான் போன வருஷம் எல்லாப் படத்தையும் புதுசாக் கீறித் தந்தவ. 'கை நடுங்குது, பல்லு கீற ஏலாது, வாயை மூடிவிடுறன்' எண்டு சொல்லிச் சிரிச்சவ."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்க கீற விடமாட்டீங்களாம், ஐயா."

அந்த ஆண்டு முழுவதும் அவர் எங்கள் முன்னறையில்தான் வரைந்தார். நான் எதிரே அமர்ந்து, பத்திரிகையில் வந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது அவர் கையைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.