பிரியாத ஒரு டோனட்

என் தம்பி வெல்டர். இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவன். அங்கே அவனுக்குப் பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டான். நாற்பது தாண்டியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவன் போன வருடம் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுடைய முதல் கல்யாணத்து மகளும் கூடவே வந்தாள்.

அந்தச் சுண்டெலிக்கு வயது எட்டு, வீம்பு எண்பது. அம்மா போட்டால் சாப்பிடுவாள். மாடியில் குடியிருக்கும் நான் போட்டாலும் சாப்பிடுவாள். அவன் கை பட்டது மட்டும் தொண்டையில் இறங்காது. முட்டை பொரித்து வைத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். பால் காய்ச்சிக் கொடுத்தால் ஆடை படியும். அவனே தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான்.

நர்ஸ் ஏதோ பயிற்சி என்று வெளியூர் போயிருந்த வாரம் அது. பேக்கரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இவள் டோனட்டைப் பார்த்ததைக் கவனித்திருக்கிறான். மறுநாளே ஒரு டப்பா நிறைய வாங்கி வந்து நீட்டினான்.

“காசு குடுத்தா யாரு வேணா வாங்கலாம்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

கொழுப்பைப் பாருங்கள். நானாயிருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். இவனோ ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெடிமேட் டோனட் மாவுப் பெட்டியோடு வந்து நின்றான். நானே செய்தால் சாப்பிடுவாயா என்று அவளிடம் கேட்டான். கடையில் இருப்பதுபோல வட்டமாக வந்தால் பார்க்கலாம் என்றாள் மகாராணி.

மாவைத் தட்டி, டம்ளரால் வட்டம் வெட்டி, நடுவே சின்ன மூடியால் ஓட்டை போடச் சொல்லிப் பெட்டியின் முதுகிலேயே படம் இருந்தது. இவன் பெட்டியைத் திருப்பினால்தானே! முட்டையும் பாலும் விட்டுப் பிசைந்தான். மாவைக் கம்பிபோல உருட்டினான், வளைத்தான், இரண்டு நுனியையும் சேர்த்து அழுத்தினான். வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது. எண்ணெயில் விழுந்ததும் ஒவ்வொன்றாக ஒட்டு விட்டுப்போய் குதிரை லாடமாக மிதந்தது. வாசற்படியில் நின்ற சுண்டெலி களுக்கென்று சிரித்தாள்.

டம்ளரை எடுத்து வெட்டித் தொலையேன்டா என்று கத்தினேன்.

“நான் ஒட்டி எதுவும் பிரிஞ்சதில்லக்கா” என்றான்.

அடுத்த ஈடும் பிரிந்தது. அதற்கடுத்த ஈட்டில் புறங்கையைச் சுட்டுக்கொண்டான். தட்டு நிறைய லாடம், கிண்ணத்தில் ஒரே ஒரு உருண்டை மாவு. பேசாமல் கடைக்கே போய்விடலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, பிரிந்த நுனி ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தான். கையில் ஒட்டாமலிருக்கத் தூவிய காய்ந்த மாவு அங்கே வெள்ளையாகப் படிந்திருந்தது.

“துரு சுரண்டாம வெல்டு வெச்சிருக்கேன், மடையன்” என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

கடைசி உருண்டையை உருட்டினான். நுனிகளைத் துடைத்து, பால் தொட்டு, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி அழுத்திப் பிடித்தான். எண்ணெயில் மெல்ல விட்டான். மூன்று பேரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். அது உப்பியது, புரண்டது, சிவந்தது. பிரியவில்லை.

அதைத் தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளிவிட்டு, பரீட்சை எழுதியவன்போல உட்கார்ந்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதற்குள் வைத்து மூடினாள்.

“அம்மா வந்ததும் காட்டணும்.”

எனக்குச் சுருக்கென்றது. சாப்பிடாமலிருக்க இப்படியொரு சாக்கா? இன்று இவளை விடுவதில்லை என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரிந்து கிடந்த லாடங்களில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்று விழுங்கினாள். இன்னொன்றையும் எடுத்தாள். அப்புறம் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இதுக்குச் சர்க்கரை பத்தல” என்றாள்.

உடும்பு எழுந்து சர்க்கரை டப்பாவைத் தேடினான். கண் முன்னால்தான் இருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.