ஊருக்குள் நடந்துபோன ஓட்டக்காரர்

கோயம்புத்தூரில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கன்னியாகுமரி லாட்ஜிலிருந்து போன் வந்தது. "ஏசுவடியான் அண்ணன் போயிட்டாரு சார்." வரவேற்பு மேசையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். செய்தியைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஓடும்போதா? இல்லை, உட்கார்ந்திருக்கும்போது. அவருக்கே இது பிடித்திருக்காது.

அந்த லாட்ஜில் தங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவர், விடியுமுன் அறைக்கதவைத் தட்டி "சூரியன் வரப்போவுது, எழும்புங்க" என்று எழுப்பிவிடும் மனிதர். எல்லா அறைகளையும் தட்டி முடித்ததும் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்புவார். அந்த ஊர் டெலிபோன் ஆபீசில் அப்போது வேலை பார்த்த நான் 2004இல் அவரோடு சேர்ந்துகொண்டேன். அவர் கடிகாரம் கட்டாமல் ஓடுவார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்காகவே ஓடுவேன்.

எங்களுக்கு மூன்று வழிகள். கிழக்கே சின்னமுட்டம் வழியாக வட்டக்கோட்டை. கோட்டை மதிலைக் கையால் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வடக்கே கொட்டாரம், அங்கே ஒரு கடையில் ரசவடை சுடச்சுடக் கிடைக்கும். மேற்கே, பக்கத்துக் கிராமமான கோவளத்தைத் தாண்டிப் போகும் கடலோரச் சாலை. இடப்பக்கம் முழுக்கக் கடல். "கிழக்கு காலுக்கு, வடக்கு வயித்துக்கு, மேற்கு மனசுக்கு" என்பார்.

அந்த டிசம்பரில் கடல் ஊர்களுக்குள் வந்தது. பிறகு பல வாரங்கள் நாங்கள் ஓடவில்லை. மறுபடி மேற்கே போன முதல் நாள், ஒரு மீனவ ஊருக்குள் ஓடி நுழைந்தோம். வாசலில் மீன்சட்டி கழுவிக்கொண்டிருந்த சூசையம்மாள் எங்களைப் பார்த்ததும் சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எம்மோ, கடலு வருது! ஓடுங்க!" அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருவே எங்களுக்கு முன்னால் ஓடியது. அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி, "கடலு வரல்ல! நாங்க சும்மா ஓடுதோம்!" என்று கத்தினார். நின்றவர்கள் எங்களை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் ஏசவில்லை. சூசையம்மாள் மட்டும் பிள்ளையை இறக்காமலே கேட்டாள்: "சும்மா எதுக்கு சார் ஓடுதிய?"

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரு சட்டம் வந்தது. "கடலோர ஊருக்குள்ள ஓட்டம் கிடையாது மக்கா." ஊர் தொடங்கும் இடத்தில் சிலுவை நட்ட குருசடி வந்ததும் நடை, ஊர் முடிந்தபின்தான் மறுபடி ஓட்டம். நடக்கும்போது வாசலுக்கு வாசல் "கடலு சும்மாதான் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார். "எங்க கடலப்பத்தி எங்களுக்கே சொல்லுதாரு பாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். சில நாள் பால் விடாத கட்டன்சாயாவும் கிடைக்கும். என் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருடங்கள் போயின. அலை வந்த தடம்கூட மறைந்துவிட்டது. அவர் சட்டம் மட்டும் மாறவில்லை. 2011இல் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி நாள் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது கெஞ்சினேன். "ஒரே ஒரு நாள் நிக்காம ஓடுவோம்ணே. நாம ரெண்டு பேரும் சேர்ந்து." அவர் முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. "நீ ஓடு மக்கா. நான் நடந்து வாறேன்."

ஓடினேன். தெருவில் ஒருவரும் பதறி எழவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலைகூட நிமிரவில்லை. பார்த்தீரா அண்ணே, என்று மனதுக்குள் ஜெயித்துக்கொண்டேன். மறுமுனையில் அவருக்காகக் காத்திருக்கவும் வீம்பு விடவில்லை. பஸ் ஏறித் திரும்பினேன். பஸ் அதே தெருவைக் கடந்தபோது அவர் சூசையம்மாள் வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் என்னைக் கண்டு கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை.

அதன்பின் போனில்தான் பேச்சு. "மேற்கு ரோட்டுல புதுசா தார் போட்டிருக்கான். எப்ப வாற?" "அடுத்த மாசம்ணே." அந்த அடுத்த மாதம் ஐந்து வருடமாக வரவில்லை. அவரோடு ஒரே ஒரு காலை, மேற்கே, அவர் நடக்கிற இடத்தில் நடந்துகொண்டு போக வேண்டும் என்று இப்போது ஏங்குகிறேன். ஏங்கி என்ன?

அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் விடியலில் தனியாக மேற்கே ஓடினேன். குருசடி வந்ததும் கால் தானாக நடந்தது. சூசையம்மாள் வாசலில் நின்றாள். அன்று இடுப்பில் இருந்த பிள்ளை இன்று பள்ளிக்கூட யூனிபாரத்தில் நின்றது.

"ஒத்தையில வாறிய? அவரு எங்க?"

சொன்னேன். படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க ஓடிப்போங்க சார்" என்றாள். "நாங்க பயப்படுகது நின்னு எத்தனையோ வருசமாச்சு."

"இத அவர்ட்ட சொல்லலியா?"

"சொன்னா அவரும் ஓடிப் போயிருவாருல்லா."

அவருடையது என்று சொல்ல என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்தத் தெருவின் நீளத்துக்கு ஒரு நடை இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். மெதுவாக நடந்தேன். ஊர் முடியும் இடத்தில் கடைசி வீட்டுக்காரர் வலையை விட்டுத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கடலு சும்மாதான் கிடக்கு" என்றேன்.