கொக்கி உள்பக்கம்

சான் பெத்ரோ ஊரில் பேஸ்பால் ஆடும் ராடாமேஸ் நிவாரை எல்லோரும் ஜோக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். சீட்டாட்டத்தில் எந்த இடைவெளியிலும் செருகலாமே, அந்த ஜோக்கர். இரண்டாவது பேஸ்காரனுக்குக் காய்ச்சலா, அங்கே ஜோக்கர் நிற்பான். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்குக் கால் பிசகியதா, ஜோக்கர். மூன்றாவது பேஸ்காரன் தங்கச்சி கல்யாணத்தில் குடித்துக் கவிழ்ந்துவிட்டானா, அதற்கும் ஜோக்கர். மற்ற நாளெல்லாம் பெஞ்சு. நட்சத்திர ஆட்டக்காரனுக்குப் பெயர் இருக்கிறது. இவனுக்கு முதுகில் ஒரு எண், அதுவும் குழுவுக்குக் குழு மாறும்.

இந்தப் பிழைப்பை அவன் ஒரே சொல்லை வைத்து ஓட்டினான். இளவயதில், அமெரிக்காவின் கீழ்மட்ட லீக் ஒன்றில், பயிற்சியாளர் கேட்டார்: "மூணாவது பேஸ்ல ஆடியிருக்கியா?" ஆடியதே இல்லை. "ஆடியிருக்கேன்" என்றான். பகல் முழுக்கச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தான். சாயங்காலம் ஆடினவனாகவே போய் நின்றான். இதைப் பொய் என்பவர்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் வாசலில் ஒருநாளும் நின்றிருக்க மாட்டார்கள்.

முப்பத்து நாலு வயதில் அந்தச் சொல்லுக்கும் சோதனை வந்தது. டிசம்பர் பிறந்தால் அமெரிக்காவில் ஆடும் பெரிய கைகள் குளிர்கால லீகுக்கு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்காகப் பெஞ்சிலிருந்து ஒருவன் கிளம்பியாக வேண்டும். மேனேஜர் மிங்கோ பொலாங்கோ சுற்றி வளைக்கவில்லை.

"பெருசு, திங்கக்கிழமை புது ஷார்ட்ஸ்டாப் வர்றான். உன்னை வச்சுக்க எனக்கு ஒரு காரணம் குடு."

இங்கே கழித்துவிட்டால் இந்த வயதில் வேறு எவனும் கூப்பிட மாட்டான். பிறகு மச்சானின் மோட்டார் சைக்கிள் டாக்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசி இன்னிங்ஸ். மிங்கோவின் அணிக்கு ஒரு ரன் முன்னிலை, எதிரணியில் இரண்டு அவுட் ஆகியிருந்தது; இன்னும் ஒன்று விழுந்தால் வெற்றி. பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் முதல் கேட்சரை ஏற்கெனவே மாற்றியாயிற்று, விதிப்படி அவன் திரும்ப இறங்க முடியாது. இரண்டாமவன் பந்து பட்டு நகம் பிய்ந்து வெளியே வந்தான். மிங்கோ பெஞ்சைப் பார்த்தார்.

"எவனாவது கேட்சரா உக்காந்திருக்கீங்களா?"

எல்லோரும் குனிந்து அவரவர் ஷூவைப் பார்த்தார்கள்.

"உக்காந்திருக்கேன், தலைவரே" என்றான் ராடாமேஸ்.

முகமூடி, நெஞ்சுக் கவசம், முழங்கால் கவசம். அவசரமாக மாட்டிக்கொண்டு நடந்தான். நடக்கும்போது கால் கவசங்களின் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசின. எதிரணிப் பெஞ்சில் ஒருவன், "தாத்தாவுக்கு நாற்காலி போடுங்கடா" என்றான்.

ரன்னுக்கு முந்தைய கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸில் எதிரணி ஆள் காத்திருந்தான். பந்து கேட்சரைத் தாண்டினால் போதும், அவன் ஓடிவந்து ரன்னைச் சமன் செய்துவிடுவான். பந்து வீசும் பிட்சர் செனோவியோ கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு வந்தான்.

"ஜோக்கரு, உண்மையச் சொல்லு. என் கீழ விழுற பந்தைப் பிடிப்பியா?"

"பிடிக்க மாட்டேன். நிறுத்துவேன்."

"வெளாடாத."

"மேல போட்டா பேட்டர் அடிச்சுக் கடல்ல கொண்டுபோய் விடுவான். கீழ போடு. அடி வாங்கப்போறது என் நெஞ்சுதான, உன் நெஞ்சா?"

செனோவியோ போட்டான். பேட்டர் வீசினான், படவில்லை. பந்து ராடாமேஸின் விலாவில் இறங்கியது. மறுபடி கீழே. மறுபடி வீச்சு. இப்போது தொடையில். மூன்றாவது பந்து தரையில் குத்தி எழுந்தது. பேட்டர் அதையும் தவறவிட்டான்; மூன்று வீச்சு வீணானால் வழக்கமாக அவுட்தான். ஆனால் பந்து தரையைத் தொட்டுவிட்டதே. அவன் முதல் பேஸைத் தொடுமுன் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவுட். பேட்டர் ஓடினான். பந்து ராடாமேஸின் தோள் எலும்பில் மோதி, மூன்றாவது பேஸ் கோட்டுப் பக்கம் உருண்டது.

கேட்சருடைய கை இங்கே என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. மூன்றாவது பேஸ்காரனின் கை தெரியும். பாய்ந்தான், வெறுங்கையால் அள்ளினான், நிமிராமலே பக்கவாட்டில் எறிந்தான். அரை அடி வித்தியாசத்தில் பேட்டர் அவுட்.

உடை மாற்றும் அறையில் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எதிரில் மிங்கோ வந்து நின்றார்.

"இதுக்கு முன்னாடி எப்ப கேட்சரா ஆடின?"

அந்தப் பழைய சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"ஆடினதே இல்ல, தலைவரே."

"தெரியும். கவசத்தக் கால் மாத்திப் போட்டிருந்த. கொக்கி வெளிப்பக்கம் இருக்கணும், உனக்கு உள்பக்கம் இருந்துச்சு."

"பாத்துட்டுமா அனுப்புனீங்க?"

"வேற எவன் வாயத் தொறந்தான்?" அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வர்றவனுக்கு ஷார்ட்ஸ்டாப் மட்டுந்தான் தெரியும். நீ சீக்கிரமா வந்து சேரு."

திங்கட்கிழமை காலையில் புல்லில் பனி காய்வதற்குள் ராடாமேஸ் மைதானத்தில் குந்தியிருந்தான். கொக்கி வெளிப்பக்கம்.