ஒன்பதாம் வகுப்பில் சாத்திய கதவும் மரியநேசம் ரீச்சரும்

மரியநேசம் ரீச்சர் காலமான செய்தி எனக்கு வானொலியின் மரண அறிவித்தலில்தான் வந்தது. முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள். "இஞ்ச வந்து கேளுங்க, நம்மட ரீச்சர்ர பேரச் சொல்றாங்க." நான் போய்ச் சேர்வதற்குள் அடுத்தவரின் பெயரை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு நின்று, எனக்கு முன்பின் தெரியாத அந்த அடுத்தவரின் மருமக்கள் பேரப்பிள்ளைகளை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ரீச்சருக்கு அப்படி வாசிக்க நிறைய இல்லை. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தை மட்டக்களப்பில் தங்கையின் வீட்டில் கழித்தார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணீரோடு எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். ஆத்திரத்தோடு எழுதுகிறேன். காரணம், சேமக்காலையில் அவரை அடக்கம் செய்த அன்று கேட்ட இரங்கலுரை. முன்பு எங்கள் பகுதிப் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் வித்தியாதரிசியாக இருந்து, இப்போது ஆசிரியர் நியமனங்களைப் பார்க்கும் பெரிய பதவிக்கு ஏறியிருக்கும் ஒரு கனவான் பேசினார். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. "இந்தக் கரையோரத்தில் விஞ்ஞானக் கல்விக்கு நான் வித்திட்டபோது அன்னார் எனக்குத் துணையாக நின்றார்" என்றார். குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். ரீச்சருக்கு அப்போது உயிர் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அந்த வாக்கியத்தோடு நின்றிருக்கும்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் மாங்கேணிக்கும் கதிரவெளிக்கும் இடையே ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பாடசாலையில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். பாடசாலைக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. எஸ்.எஸ்.சி. பரீட்சையில் ஒருவரும் தவறுவதில்லை. எப்படித் தவறுவார்கள்? ஒன்பதாம் வகுப்பில் பாடம் பிரிக்கும்போதே கணிதம், பௌதிகம், இரசாயனம் எல்லாவற்றையும் தலைமையாசிரியர் ஒதுக்கிவிடுவார். எண்கணிதம், சுகாதாரம், குடியியல், பன்னில் பாய் பின்னும் பன்வேலை. இவற்றில் தவறுவதற்குத் தனித்திறமை வேண்டும்.

ஒரு வருடம் வழக்கம்போல நூற்றுக்கு நூறு சித்தி என்று ஊரே விழாக் கொண்டாடியது. கோயில் வளவில் பந்தல் போட்டார்கள், பட்டாசு கொளுத்தினார்கள். சூசை என்ற பிள்ளை முதலாவதாக வந்திருந்தான். கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர் சந்தியோவின் மூத்த மகன். அவனுக்கும் மாலை, வித்தியாதரிசிக்கும் மாலை. தலைமையாசிரியர் பேசி முடித்தபின் ரீச்சர் எழுந்து, அழைக்கப்படாமலே மேடைக்குப் போனார்.

"புள்ளையள் எல்லாம் பாஸ் பண்ணிட்டுதுகள், சந்தோசம். மறுகா எங்க போகப்போகுதுகள்? பௌதிகம் படிக்காத புள்ளைய டவுனில எந்தக் கல்லூரி விஞ்ஞான வகுப்புக்கு எடுக்கும்? வித்தியாதரிசி ஐயா இருக்கிறார், அவரே சொல்லட்டும்."

ஐயாவோ தாகம் எடுத்தவர்போலச் சோடாப் போத்தலைக் கையில் எடுத்தார். ஊர்ச் சனத்துக்கு ரீச்சர் மீதுதான் கோபம் வந்தது. "நல்ல நாளில இந்த மனுசிக்கு என்ன வந்த?" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டதற்குத் தாங்களே பட்டாசு கொளுத்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் மாலையோடு மேடையில் இருந்தார்கள்.

சில வாரம் கழித்து ரீச்சர் சூசையைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார். நானும் போனேன். சூசைக்கு டொக்டராக வேண்டும். கல்லூரி அதிபர் பெறுபேறுகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "பன்வேலையில திறமைச் சித்தி. இதை வச்சுக்கொண்டு டொக்டருக்கா?" அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. திரும்பி வரும்போது, வாவியைக் கடக்கும் மிதவையில், அதை எங்கள் பக்கத்தில் பாதை என்போம், சூசை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். ரீச்சர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இவன ஆரும் இண்டைக்குத் தட்டிக் கழிக்கல்ல மாஸ்டர். ஒன்பதாம் வகுப்பிலயே தட்டிக் கழிச்சிட்டாங்க. இவனுக்குத்தான் இண்டைக்குத் தெரிஞ்சிருக்கு." அடுத்த கிழமை சூசை தகப்பனோடு வலை இழுக்கப் போய்விட்டான்.

அடுத்து வந்த தை மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை ரீச்சர் விடவில்லை. பெற்றோர் கூட்டம் என்று பாடசாலைக்கு அழைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஆண்கள் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துவார்கள், பெண்களும் அங்கேதான் கதையளந்துகொண்டிருப்பார்கள். ரீச்சர் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனார். ஒரு தடியால் மணலில் நீளக் கோடு கிழித்தார். கோட்டின் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, "நீ என்னவா வரப்போற, உன்ட அப்பாவுக்குச் சொல்லு" என்றார். பிறகு பிள்ளை பின்பக்கமாக நடக்க வேண்டும். அந்த வேலைக்கு எந்தப் பட்டம், அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் எந்தப் பாடம், அதற்கு எஸ்.எஸ்.சி.யில் எந்தப் பாடம் என்று சொல்லிச் சொல்லிப் பின்னால் வந்து, ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்க வேண்டும். அங்கே கேட்பார்: "இப்ப அந்தப் பாடம் உனக்கு இருக்கா?" இல்லை என்று பிள்ளைதான் தன் வாயால் தகப்பனிடம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சிலர் சிரித்தார்கள். சந்தியோ சிரிக்கவில்லை. கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார். "கரைவலை வளைக்கிறெண்டா எந்தக் கரையில இழுக்கிற எண்டு பாத்துட்டுத்தான் தோணிய இறக்குவம். நம்மட புள்ளையள மட்டும் ஒண்டும் பாக்காம இறக்கி விட்டிருக்கம்" என்றார். அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தங்கமலர் என்றொரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தாள். கோட்டின் கடைசியில் நின்று, "விஞ்ஞான ரீச்சர்" என்று சொன்னாள். தாய்க்காரி கும்பலுக்குள் இருந்து, "பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்கு ரீச்சர் பௌதிகம்?" என்று கேட்டாள். ரீச்சர் திரும்பினார். "வீடு ஆருக்குக் குடுப்பீங்க? பொட்டப் புள்ளைக்கு. வளவு ஆருக்கு? பொட்டப் புள்ளைக்கு. எல்லாத்தையும் பொம்புளைக்கு ஒதுக்கிற ஊரில படிப்ப மட்டும் என்னத்துக்கு ஆம்புளைக்கு ஒதுக்கிற?" சுற்றி இருந்த பெண்கள் ரீச்சரின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அடுத்த நாளே பெற்றோர் திரண்டு போய்த் தலைமையாசிரியரிடம் பாடம் கேட்டார்கள். அவர் வித்தியாதரிசிக்கு அறிவித்தார். சேமக்காலையில் வித்திட்டதாகச் சொன்ன அதே ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். விஞ்ஞான ஆசிரியரும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை, இந்தப் பிள்ளைகளைத் தோல்விக்கு அனுப்பிப் பாடசாலையின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறீர்களா என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ரீச்சரைக் கேட்டார். ரீச்சர் சொன்ன பதில் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "பெயில் பண்ணின புள்ள திரும்ப எழுதலாம் ஐயா. எழுதவே விடாத புள்ள என்ன செய்யும்?" மாதம் முடிவதற்குள் அவருக்கு இடமாற்றம் வந்தது. மட்டக்களப்புக்குத் தெற்கே, ஒரு நாளில் போய்வர முடியாத ஒரு வயல் ஊருக்கு. இதைத்தான் அந்தக் கனவான் விதை என்கிறார்.

போனவர் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் ஏறி, பாதைகள் கடந்து, இருட்டுவதற்குள் வந்தால் உண்டு, இல்லையென்றால் வழியில் யார் வீட்டிலாவது தங்கி, சனிக்கிழமை காலையில் வந்துவிடுவார். மாரி காலத்தில் பாதை ஓடாத நாட்களில் சந்தியோவின் ஆட்கள் தோணியில் ஏற்றி வந்தார்கள். பாடசாலைக் கதவைத் தலைமையாசிரியர் திறக்கவில்லை. வலை வைக்கும் வாடிக்குள் வகுப்பு நடந்தது. கணிதத்தை அவர் படிப்பித்தார். பௌதிகத்தை முதல்நாள் தான் படித்துவிட்டு வந்து மறுநாள் படிப்பித்தார். ஒருமுறை நெம்புகோல் படிப்பிக்கத் தோணித் துடுப்பை எடுத்துவரச் சொன்னார். பிள்ளைகள் தனக்கே அதைப் படிப்பித்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அரிது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத்தான் எழுதினார்கள். பலர் தவறினார்கள், அதை மறைக்க ஒன்றுமில்லை. தவறியவர்களில் சிலர் திரும்ப எழுதிச் சித்தியடைந்தார்கள். தங்கமலர் முதல்முறையே எல்லாப் பாடமும் சித்தி. நகரத்தில் விஞ்ஞான வகுப்பில் சேர்ந்து, பல்கலைக்கழகம் போய், பட்டம் பெற்றாள். எங்கள் ஊரில் இருந்து முதலாவது ஆள். அவள் பெயரை இன்று அந்தப் பாடசாலையில் பெரிய பலகையில் தங்க எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு இருந்து பௌதிகம் படிக்க ஒரு வாங்கு கொடுக்காத பாடசாலை அது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகையைக் கழற்றித் தோணிக்குப் பலகையாகக் கொடுக்கத் தோன்றுகிறது.

ரீச்சர் ஓய்வுபெற்று, நோயில் விழுந்தபின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வாடி வகுப்பும் நின்றுபோயின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மெல்ல மெல்ல எண்கணிதத்தோடும் பன்வேலையோடும் நின்றுவிட்டார்கள். மறுபடி நூற்றுக்கு நூறு. மறுபடி பட்டாசு.

மலைநாட்டில் சில வருடமாகப் படிப்பிக்கும் தங்கமலர், சொந்த ஊருக்கு வரவேண்டும் என்று மாற்றம் கேட்டிருக்கிறாள். அடக்கம் முடிந்த மறுகிழமை அவளோடு நானும் அந்தக் கனவானை அவருடைய கந்தோரில் பார்க்கப் போனேன். சேமக்காலையில் கண்ணைத் துடைத்த மனிதர் அல்லவா, உடனே கையெழுத்து வைப்பார் என்று நினைத்தேன். "அந்தப் பாடசாலையில விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளே இல்லையே, அங்க விஞ்ஞான ஆசிரியருக்கு என்ன வேலை?" என்றார். தலைமையாசிரியரைக் கேட்டால், ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை எப்படிக் கொடுப்பது என்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் நகரத்தில் படிக்கிறார்கள்.

கடைசியாக அவர், "சரி, பாப்பம்" என்றார். அந்தச் சொல் வந்தால் எங்கள் ஆட்கள் எழுந்து நன்றி சொல்லி வெளியேறிவிடுவார்கள். ரீச்சர் எழும்பமாட்டார். எந்தக் கந்தோரிலும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எப்ப பாப்பீங்க? நான் இருக்கன்" என்பார். சொன்னபடி இருப்பார். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான். அன்று நாங்களும் எழும்பவில்லை. யன்னல்களைச் சாத்திக் காவற்காரன் கெஞ்சிய பிறகுதான் வெளியே வந்தோம்.

தை பிறந்தால் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் பிரிப்பார்கள். சந்தியோவின் கடைசி மகள் அந்த வகுப்புக்கு வருகிறாள். சூசையைக் கல்லூரியில் சிரித்து அனுப்பியபோது அவள் தாய் வயிற்றில் இருந்தாள். வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம். சந்தியோவும் சூசையும் வருகிறார்கள், வலைக்காரர்கள் எல்லோரும் அன்று கடலுக்குப் போகாமல் வருகிறார்கள். ரீச்சரை அறிந்த நீங்களும் வாருங்கள். அந்தக் கந்தோரில் கதிரைகள் போதாது. நிலத்தில் இருப்போம்.