கொசுவைப் பற்றிப் பேச ஒரு வரிசை

பத்தாம் வகுப்பில் தோற்று, கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடு என்றார்கள் தெருக்காரர்கள். தெருவில் யார் நடந்தாலும் அந்த நடைக்கு ஒரு பட்டப்பேர் வைக்கிறவன் நான். சாயங்காலம் சும்மா இருப்பவன் இவன் ஒருவன்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடங்களில் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நீங்களே பேசி எழுதுங்கள் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் தெருவின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரூப். மூன்று பையன்கள், ஒரு பெண். கொசுவைப் பற்றி எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அதற்குள் டீச்சர் காதுவரை சண்டை போய்விட்டது.

அந்தப் பெண் போன வருஷம்தான் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவள். மலையாளம் பேச வாய் திறந்தாலே பையன்கள் சிரிப்பார்கள். சாக்கடையில் புழு அள்ளி, குப்பியில் வளர்த்து, கொசுவாகிப் பறக்கும்வரை பார்த்து எழுதியது அவள். சொல்லப்போவது நான் என்று நின்றவன் பையன்களில் பெரியவன்.

"என்னையச் சொல்ல விடலன்னா இனிமே பள்ளிக்கூடத்துக்கே போமாட்டேன்ணே. அம்மா கூட செம்மீன் உரிக்கப் போயிருவேன்," என்றாள்.

பக்கத்தில் நின்ற அவள் அம்மா மகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். இறால் உரிக்கும் அந்தச் செம்மீன் கொட்டகையில் இன்னும் இரண்டு கை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கே நாலு பேரையும் உட்காரவைத்தேன்.

முதலில் டீச்சர் கொடுத்தனுப்பிய வாக்கியங்களைச் சொல்லவைத்தேன். உங்கள் கருத்தை மதிக்கிறேன், தயவுசெய்து கேளுங்கள், இந்த மாதிரி.

"உங்க கருத்தை நான் மதிக்கிறேன்," என்றான் பெரியவன், கையைக் கட்டிக்கொண்டு. "நீங்க ஒரு மண்டன், மடையன்."

"தயவுசெய்து நீங்க வாயை அடைக்கணும்," என்றான் அடுத்தவன்.

ஒரு இடத்தில்கூட மரியாதை குறையவில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் வேறு வழி பார்த்தேன். எங்கள் தெருவில் குடிக்க லாரித் தண்ணீர்தான். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் ஆள் இல்லாவிட்டாலும் முறை வைத்தவருடையது. யாராவது முந்தினால் அவர் குடம் கடைசிக்குப் போகும். இவ்வளவு வாய் உள்ள தெருவில் அதற்கு மட்டும் எதிர்ப்பேச்சு கிடையாது.

"ஆளுக்கொரு டம்ளர் வரிசையா வையுங்க. முன்னால இருக்கிற டம்ளர்காரங்க பேசணும், மத்தவங்க கேக்கணும்," என்றேன்.

பெரியவன் மூன்று டம்ளர் வைத்தான்.

"எதுக்குடா மூணு?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மைக்கு, ஒண்ணு மேல்வீட்டுச் சேச்சிக்கு. அவங்க ஜோலிக்குப் போயிருக்காங்க சேட்டா."

"அவங்களும் வந்து கொசுவைப் பத்திப் பேசப்போறாங்களா?"

"வரமாட்டாங்கல்லே. பின்னே அவங்களுக்கும் சேர்த்து நான் பேசுவேன்."

சின்னவன் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தான். இடம் பிடிக்கவாம், டம்ளர் பிறகு வருமாம். லாரிக்கு அப்படித்தானே செய்கிறோம் என்று என்னையே கேட்டான். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் முறை வந்தது. "கொசு தண்ணியில முட்ட..." என்று மலையாளமும் தமிழுமாகத் தொடங்கினாள். பெரியவன் அந்த ராகத்தை அப்படியே இழுத்துக் காட்டினான். அவள் எழுந்தாள். அவனுடைய டம்ளர்கள் எல்லாவற்றையும் எடுத்து, செங்கல்லுக்குப் பின்னால், கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

அடி விழும் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவன் டம்ளர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். முந்தினவன் பின்னால் போவது அவன் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்த நியாயம். அவள் கொசு பறக்கும்வரை சொல்லி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாயாக்கடையில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இதாணோ நீ படிப்பிச்ச மரியாதை? கிளாஸ் பூரா டம்ளர். போராத்ததுக்கு ஒரு செங்கல்லும்."

"அந்தப் பொண்ணு பேசினாளா டீச்சர்?"

"முன்னால அவ டம்ளர்தான். பேசினா. பெல்லடிச்சும் நிறுத்தல. நடுவில பேசணும்னா நானும் டம்ளர் வைக்கணும்னு சொல்லிட்டா."

திங்கட்கிழமை அவள் பையோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினாள். அம்மா தனியாகத்தான் கொட்டகைக்குப் போனார். அன்று சாயங்காலம் வகுப்பில் பேசியதையெல்லாம் எனக்கும் சொல்ல வந்தாள். நான் பாதியில் வழக்கம்போல ஏதோ கிண்டலாக ஆரம்பித்தேன்.

"அண்ணே, நான் இன்னும் பேசி முடிக்கல."

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் சாயா ஆறிப்போயிற்று. அவள் அப்போதுதான் ஆண் கொசுவுக்கே வந்திருந்தாள்.