ஜெமாயோவின் கணவர் தப்ஞோலெ

தப்ஞோலெ ஆணாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரு டின் தண்ணீரைக் காரணம் காட்டி அதைப் பறித்துவிடலாம் என்று கொழுந்தன் கிப்செரெம் கிளம்பியபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறந்தது பெண்ணாகத்தான். கிபியேகொவுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு பெண்களைப் பெற்று, இருவரையும் கட்டிக்கொடுத்தார். மகன் பிறக்கவில்லை. கிபியேகொ இறந்த பிறகு, நந்தி இனத்தாரான எங்கள் மலையில் மகன் இல்லாத விதவைகள் செய்வதைத்தான் அவரும் செய்தார். மாடும் ஆடும் கொடுத்து ஜெமாயோ என்ற இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கணவர், ஜெமாயோ மனைவி. ஜெமாயோ எந்த ஆணோடு பழகுகிறாள் என்பது அவள் பாடு. பிறக்கும் பிள்ளை தப்ஞோலெயின் பிள்ளை. கிபியேகொ விட்டுப்போன மூன்று ஏக்கருக்கும் அவனே வாரிசு.

கல்யாணத்தன்று பெரியவர்கள் அவர் தலையை மழித்தார்கள். ஆண்கள் வைத்துக்கொள்ளும் தடியைக் கையில் கொடுத்தார்கள். இனி ஆணோடு படுக்கக் கூடாது, அடுப்பை ஊதக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: தலையில் சுமை ஏற்றக் கூடாது. தலையில் சுமப்பவர்கள் பெண்கள். சுமந்துவிட்டால் அவர் ஆண் இல்லை, அந்தக் கல்யாணமும் இல்லை. நிலம் கிபியேகொவின் தம்பிக்குப் போய்விடும்.

அந்தத் தம்பிதான் கிப்செரெம். அவனுக்கு நான்கு மகன்கள். அண்ணன் நிலம் அவனுடைய தேயிலைக்கு அடுத்தாற்போலவே கிடந்தது. கல்யாண விருந்தில் அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஊரே தப்ஞோலெயை ஆணாக மதித்துப் பேசியபோது அவன் மட்டும் "என்ன அண்ணி, தடி கனமா இருக்கா?" என்று கேட்டான். பதினெட்டு வருஷமாக "அண்ணி"யை அவன் விடவே இல்லை.

தப்ஞோலெ நல்ல கணவராக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்கள் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பு அவரை விட்டு ஒரு நாளும் போகவில்லை. அதனால் எதையும் ஒரு பங்கு கூடுதலாகவே செய்தார். இறந்த புருஷனின் கறுப்புக் கோட்டை வெயிலிலும் கழற்றவில்லை. ஜெமாயோ விறகு சுமந்து வந்தால் அவர் பின்னால் கைவீசிக்கொண்டு வந்தார். கல்யாணமான முதல் வருஷம், சந்தையிலிருந்து தாமதமாக வந்தாள் என்று வாசலில் வைத்துத் தடியால் அவளை மூன்று அடி அடித்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. பாதையில் நாலு ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அன்று தனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஜெமாயோவும் அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

மகன் கிபெட் பிறந்த நாளில்தான் அந்தத் தவறு நடந்தது. ஜெமாயோவுக்கு முதல் பிரசவம். வலி முற்பகலில் பிடித்தது. மருத்துவச்சி உள்ளே இருந்தாள். வீட்டில் வேறு பெண் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் தேயிலை பறிக்கப் போயிருந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. "தண்ணி, தண்ணி" என்று மருத்துவச்சி கத்தினாள். பானையில் சொட்டு இல்லை. தப்ஞோலெ தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். கையில் பிடித்துக்கொண்டு மேடு ஏறினால் பாதித் தண்ணீர் சிந்திவிடும். நாற்பது வருஷம் சுமந்து பழகிய கழுத்து அவரைக் கேட்கவில்லை. டின் தானாகத் தலைக்குப் போய்விட்டது.

பாதி மேட்டில்தான் உணர்ந்தார். திரும்பிப் பார்த்தார். கீழே கிப்செரெம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவருக்கு வழிவிட்டு ஒதுக்கி நிறுத்திய மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தப்ஞோலெ டின்னை இறக்கவில்லை. இறக்கியிருந்தால் தண்ணீர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

பதினைந்து வருஷம் அவன் வாயைத் திறக்கவில்லை. இந்த நவம்பரில் திறந்தான். டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிபெட்டுக்குச் சுன்னத்து நடக்க வேண்டும். கத்தி வைக்கும் இடத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. பையனின் அப்பா போய் நிற்க வேண்டும். யார் அப்பாவாக நிற்கிறாரோ அவருடைய வீட்டுப் பிள்ளையாகத்தான் பையன் வெளியே வருவான். "அங்க நான் நிக்கிறேன். அண்ணி நிக்க முடியாது, ஏன்னு சபையில சொல்றேன்" என்று ஊர்த் தலைவர் அரப் தூவெயிடம் போய்ச் சொல்லிவிட்டான் கிப்செரெம். சனிக்கிழமை காலை சபை கூடும் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மதியம், மக்காச்சோளக் கொல்லையில் கிப்செரெம் ஜெமாயோவோடு நின்று பேசுவதைத் தப்ஞோலெ வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தார். நெடுநேரம் பேசினான். அவள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள். மறுத்துத் தலையாட்டவில்லை.

சனிக்கிழமை காலை, மக்காச்சோளக் களியையும் புளித்த பாலையும் அவர் முன்னால் வைத்துவிட்டு ஜெமாயோ எழுந்தாள்.

"என்ன சொன்னான் அவன்?" என்று தப்ஞோலெ கேட்டார்.

"எவன்?"

"கொல்லையில வந்து நின்னானே."

"ஓ, வேலி வழியா எட்டிப் பாத்தீங்களா. பாத்தவங்க கேட்டுட்டும் போயிருக்கலாமே."

"நீ இன்னைக்கு என்ன சொல்லப் போற?"

"எங்கிட்ட யாராவது கேட்டா யோசிப்பேன். இந்த வீட்டுல இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல." பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சபை சரிவில் இருக்கும் அத்திமரத்தடியில் கூடியது. ஆண்கள் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தார்கள். தப்ஞோலெ ஆண்கள் பக்கம் போனபோது, வழக்கமாக நகர்ந்து இடம் கொடுப்பவர் அன்று நகரவில்லை. தப்ஞோலெ ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கிப்செரெம் எழுந்தான். "எங்க அண்ணிய நான் குறை சொல்ல வரல. கண்ணால பாத்ததச் சொல்றேன். அந்தப் புள்ள பொறந்த அன்னைக்கு, உச்சி வெயில்ல, ஆத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். அண்ணி வந்தாங்க. டின்ல மொண்டாங்க. தலையில வச்சாங்க. மேடு ஏறிப் போனாங்க. நான்தான் மாட்ட ஒதுக்கி வழி விட்டேன்."

"அண்ணின்னு சொல்லாதப்பா" என்றார் ஒரு கிழவர்.

"வேற என்னன்னு கூப்பிடட்டும்? டின்னத் தலையில வச்ச ஆம்பளைய நான் எங்கயும் பாத்ததில்ல. நீங்க பாத்திருந்தா பேரு சொல்லுங்க, கூப்பிட்டுக்கிறேன்."

சிலர் சிரித்தார்கள். அரப் தூவெய் சிரிக்கவில்லை. "பதினஞ்சு வருஷமா இத எங்க வச்சிருந்தப்பா?"

"மனசுலதான்."

"அடைகாத்தியா?"

"புள்ள தங்குமா தங்காதான்னு தெரியாம எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்தேன்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது.

"தப்ஞோலெ, நீங்க சொல்லுங்க" என்றார் தலைவர்.

தப்ஞோலெ எழுந்தார். சுமந்தேன் என்றால் எல்லாம் முடிந்தது. சுமக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது கையில் இருந்த தடி நினைவுக்கு வந்தது. சபையில் தடியைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று அவருக்குக் கதைகள் தெரியும். "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை.

"பாத்தீங்களா, வாய் அடைச்சுப் போச்சு" என்றான் கிப்செரெம்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஜெமாயோ எழுந்தாள். "நான் பேசணும்."

"பேசட்டும் பேசட்டும்" என்றான் கிப்செரெம் உற்சாகமாக. "அவளுக்குத் தெரியாததா."

தப்ஞோலெ அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத் தண்ணி கொண்டு வந்தது நான்" என்றாள் ஜெமாயோ. "வலி எடுத்ததுமே நானே போயி மொண்டு, நானே தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தேன். வழியில ரெண்டு தடவ உக்காந்தேன். இவரா தூக்குவாரு? எங்க வீட்டுல இவரு எதையாவது தூக்கி யாராவது பாத்திருக்கீங்களா? நான் எட்டு மாசத்துல வயித்தத் தள்ளிக்கிட்டு விறகு சுமந்தேன். இவரு கோட்டப் போட்டுக்கிட்டு பின்னாடி வந்தாரு. 'சீக்கிரம் நட'ன்னாரு. பக்கத்து வீட்டம்மா ஒரு கை குடுக்க வந்தப்ப, 'அவ பழகட்டும்'னு திருப்பி அனுப்பினாரு. அந்தம்மா அந்தா உக்காந்திருக்காங்க, கேளுங்க. சந்தைக்குப் போயிட்டு லேட்டா வந்தேன்னு வாசல்ல வச்சு அடிச்சாரு. அன்னைக்குப் பாதையில போனவங்க இங்க நாலு பேரும் இருக்கீங்க. ஒருத்தராவது வந்து பிடிச்சீங்களா? தலைய ஆட்டிட்டுப் போனீங்க. பதினெட்டு வருஷமா எனக்கு இவருதான் புருஷன். ஒரு நாளு பொம்பளையா இருந்திருந்தா நான் கொஞ்சம் நல்லா இருந்திருப்பேன்."

பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. ஆண்களில் இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"பொய்" என்றான் கிப்செரெம். அவன் முகம் மாறிவிட்டது. "இவ பொய் சொல்றா."

"நீங்க முந்தாநாள் எங்க சோளத்துக்குள்ள வந்து எனக்கு என்ன தர்றேன்னு சொன்னீங்கன்னு நான் இங்க சொல்லவா? உங்க சம்சாரமும் அங்கதான் உக்காந்திருக்காங்க."

கிப்செரெம் உட்கார்ந்தான்.

அரப் தூவெய் தாடையைச் சொறிந்துகொண்டு தப்ஞோலெ பக்கம் திரும்பினார். "உங்க சம்சாரம் சொன்னதக் கேட்டீங்க. நெசமா?"

அந்த வீட்டில் அவர் ஜெமாயோவுக்காக ஒரே ஒரு காரியம் செய்திருந்தார். அது நடக்கவில்லை என்று இப்போது அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் நிஜம். தடியை இடது கைக்கு மாற்றினார். அப்படிச் செய்தால் பொய்யின் கேடு விலகுமா என்று அவருக்குத் தெரியாது.

"நெசம்" என்றார்.

"இதுக்கு மேல ஆம்பளைன்னு சொல்ல என்ன சாட்சி வேணும்?" என்றார் தலைவர். சபை சிரித்தது. "கிபெட்டுக்கு அப்பா தப்ஞோலெதான். அவரே போயி நிக்கட்டும். கலைஞ்சு போங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் ஜெமாயோ பத்தடி முன்னால் நடந்தாள். தப்ஞோலெ வேகமாக நடந்து அவளை எட்டிப் பிடித்தார்.

"அன்னைக்குத் தண்ணிய..." என்றார்.

"எந்தத் தண்ணி?"

"உனக்குத் தெரியும்."

ஜெமாயோ நின்றாள். பல வருஷத்துக்குப் பிறகு முகத்தைப் பார்த்தாள். "தெரியும். மருத்துவச்சி அன்னைக்கே சொல்லிட்டா. இல்லன்னா செத்திருப்பேன்னும் சொன்னா. அதுக்காகத்தான் உங்க வீட்டுல இவ்வளவு நாள் இருந்தேன்னு நெனச்சுக்காதீங்க. போக இடமில்ல, இருந்தேன். இன்னைக்குப் பேசினது கிபெட்டுக்காக. அவன் நிலம் அது. உங்களுக்காக நான் ஒரு வார்த்தையும் சொல்லல."

"அத்தன பேரு முன்னாடி என்னைய அவமானப்படுத்திட்ட."

"அதுல எது பொய்? ஒண்ணுதான் பொய். அத நீங்களும் சேந்து சொன்னீங்க." மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "சித்தப்பன அழைக்கிறது அப்பா வேல. இன்னைக்கே போயி அழைச்சிட்டு வாங்க. நான் போக மாட்டேன்."

அது உண்மைதான். பையனின் சித்தப்பனை அப்பாவே நேரில் போய் அழைக்க வேண்டும். அழைக்காமல் நடத்தினால் நாளைக்கு அதுவே இன்னொரு வழக்காகும். தப்ஞோலெ அன்று மாலையே கிப்செரெமின் வேலிக்குப் போனார். நாய் குரைத்தது. அவன் வெளியே வந்தான், படலைத் திறக்கவில்லை.

"என்ன?"

"வர்ற மாசம் கிபெட்டுக்கு. நீ சித்தப்பன். வந்து நிக்கணும்."

"யாரு கூப்பிடுறது?"

"அவன் அப்பா கூப்பிடுறேன்."

கிப்செரெம் படலின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். "வருவேன். முன்வரிசையில நிப்பேன். கத்தி வைக்கிறப்போ பையன் கண்ணச் சிமிட்டுனா போதும், ஊரு முழுக்க நானே போயிச் சொல்லுவேன், பொம்பள வளத்த புள்ளன்னு. அதுக்கு எந்தச் சபையும் வேண்டாம்."

"சொல்லு" என்றார் தப்ஞோலெ. "அவன் முகத்தயே பாத்துட்டு நில்லு. நான் உன் பக்கத்துல நின்னு உன் முகத்தப் பாத்துட்டு இருப்பேன்."

கிப்செரெம் நாயை அவிழ்த்துவிட்டான். தப்ஞோலெ திரும்பி நடந்தார். நாய் பாதை முழுக்கக் குரைத்துக்கொண்டே பின்னால் வந்தது. அவர் ஓடவில்லை.